இரண்டாவது அடுப்பு

அந்த வருட மழையில், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த மண்மேடு வெடித்துவிட்டது. வந்து பார்த்தவர்கள், இனி இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்றார்கள். எதிர்மலையில் தனி வீடு கட்டித் தருவார்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று பேச்சு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காம்பரா. நடுவில் சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் நானும் வீட்டுக்காரரும் மகளும், அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் குடும்பம் என்று பதினோரு வருடம் ஓட்டியிருந்தோம்.

அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஓரகத்திகள் என்றாலே கீரியும் பாம்பும் என்று நினைப்பவர்கள் எங்களை வந்து பார்த்திருக்க வேண்டும். சேலை இரண்டாகப் பிரித்ததே தவிர, அடுப்பு ஒன்றுதான். காலையில் அக்கா ரொட்டி சுடுவாள், நான் சம்பல் இடிப்பேன். பிறகு அவள் கொழுந்தெடுக்க மலைக்கும், நான் பாடம் சொல்லித்தர முன்பள்ளிக்கும் போவோம். யார் முதலில் திரும்புகிறோமோ அவள் உலை வைப்பாள்.

வீட்டுப் பட்டியல் எழுத பதுளையிலிருந்து ஓர் ஐயா வந்த அன்று, நான் சாமான் வாங்க லுணுகலைக்குப் போயிருந்தேன். அக்காதான் பதில் சொல்லியிருக்கிறாள்.

"எத்தன அடுப்பு?"

"ஒரே அடுப்புதாங்க. நாங்க அடுப்பு பிரிக்கிற குடும்பம் இல்லீங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். ஒரு அடுப்பு என்றால் ஒரு குடும்பம், ஒரு வீடு என்று அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று கத்தினேன்.

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "அந்த வீட்டுக்கு நீ போ தங்கச்சி. நீதான் சின்னப் புள்ளய வச்சிருக்க. நாங்க இங்கயே இருந்துக்கிறோம்" என்றாள். வெடித்த மேட்டுக்குக் கீழே இருந்துகொள்கிறாளாம். என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நாங்கள் இரண்டு குடும்பம் என்று மனுப் போட்டோம். ஐயா மறுபடி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அவர் வருவதற்கு முதல் நாள் அக்கா மூன்று கற்களைத் தூக்கி வந்து, சேலைக்கு அந்தப் பக்கம் வைத்து மண் பூசினாள். நான் கிட்டேயே போகவில்லை. "சும்மா காட்டத்தானே புள்ள, இதுலயா ஆக்கப் போறோம்?" என்று என்னைத் தேற்றினாள்.

வந்தவர் குனிந்து பார்த்தார். கல்லில் கரி இல்லை, மண்ணில் ஈரம் காயவில்லை.

"புதுசு மாதிரி இருக்கே?"

"ஆமாங்க, நேத்துத்தான் பிரிச்சோம். இவளோட ஒத்து வரலங்க."

"அப்படி என்ன ஒத்து வரல?"

இதை நாங்கள் யோசித்தே வைத்திருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். திடீரென்று குரலை உயர்த்தினாள். "எல்லாருக்கும் அள்ளிப் போட்டுட்டு இவ சட்டிய வழிச்சுத் தின்றாங்க! கேட்டா பசியில்லங்கிறா. எத்தன வருசமா சொல்றேன், கேக்க மாட்டேங்கிறா. இப்படிப்பட்டவளோட எப்படிங்க ஒண்ணா ஆக்கித் திங்கிறது?"

நடிப்பே இல்லை, உண்மையான கோபம். அவள் கண்டிருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

"டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என் பக்கம் திரும்பினார். லயத்திலேயே வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். ஒரு குறை சொல்ல வரவில்லை. பொங்கிப் பொங்கி அழுதேன். அவர் பயந்துபோய் உடனே இரண்டு குடும்பம் என்று எழுதினார். "அழாதீங்க, எங்க வீட்டுலயும் இதே கததான்" என்றார்.

சாவி கொடுத்த அன்று அவர் எங்கள் இருவரையும் ஓரமாக அழைத்தார். எங்களுடையது அடிவாரத்தில் முதல் வீடு, அக்காவுடையது உச்சியில் கடைசி வீடு. "பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒங்களுக்கு நிம்மதி இருக்காது. நான்தான் சொல்லித் தள்ளிப் போட வச்சேன்" என்றார். நல்ல மனிதர். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. உண்மையைச் சொன்னால் ஒரு வீடு போய்விடும்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்யா" என்றாள் அக்கா. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே அங்கேயே உடைந்திருப்போம்.

அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் அக்கா மேலே ஏறினாள், நான் கீழே இறங்கினேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மா ஏன் அங்க போறாங்க?"

"அதுதான் பெரியம்மா வீடு."

"அப்ப நாம ஏன்ம்மா இங்க போறோம்?"

நான் சாவியை அவள் கையில் கொடுத்து, கதவைத் திறக்கச் சொன்னேன்.