வெள்ளரிப் பாத்தி மணல்

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பெண்ணையாற்று வெள்ளரிக்காய் என்றால் தனி மரியாதை. கோடையில் ஆறு வற்றியதும் என் அம்மா அக்னஸ் மணலில் பாத்தி கட்டுவாள். கையாலேயே ஊற்றுத் தோண்டி, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவாள். அந்தக் காய்தான் எங்களை வளர்த்தது.

பிறகு மணல் லாரிகள் வந்தன. பாத்தியும் போயிற்று, ஊற்றும் போயிற்று. வெட்கங்கெட்ட நான் அதில் ஒரு லாரியை ஓட்டினேன்.

2009இல் நாங்கள் வீடு கட்டினோம். அம்மாவின் பாத்தி இருந்த இடத்து மணலைத்தான் கொண்டுவந்து கொட்டினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

புதிதாகப் பூசிய சுவருக்கு அவளே தினமும் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

"மோட்டார் போட்டு பைப்புல அடிச்சுக்கிறேம்மா, நீ வுடு" என்றேன்.

"நீ போடா. இந்த மண்ணு எவ்ளோ தண்ணி குடிக்கும்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள்.