4127 மட்டும் போகவில்லை

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது இரவில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், 2:11 மணி. நேரமெல்லாம் என் திரையில் பதிவாகி இருக்கிறது. இன்றும் காட்டுவேன்.

அலுவலகத்தில் நான் தனியாக இருந்தேன். ஞாயிறு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். வீட்டின் காலிக் கட்டிலுக்கு இங்கே காலி நாற்காலிகள் தேவலை. இன்னொரு காரணமும் உண்டு. பின்னறையில் இருக்கும் பழைய சர்வரில் என் அக்காவின் குரல் இருந்தது. ஒரு நிமிடம் நாற்பது நொடி. போன வருடம் ஒரு காலையில் அவள் என் போனில் விட்டுப்போன செய்தி. "ஏய் கும்பகர்ணி, இன்னும் தூங்கறியா? போனை எடுடி…"

நான் எடுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன். அன்று மாலை அவள் இல்லை. பிறகு அந்தப் போனும் செத்தது. மிஞ்சியது சர்வரில் இருந்த ஒரே பிரதிதான்.

ஒரு மணிக்கு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார்.

"மேடம், கீழே வயர் மாத்தறோம்."

"பின்னறை லைனைத் தொட்டுடாதீங்கண்ணே. அதோட பேட்டரி ரிப்பேருக்குப் போயிருக்கு."

"சொல்லாம தொடுவேனா? கவலைப்படாம வேலையைப் பாருங்க."

2:11. சர்வரில் இடமில்லை என்று, என் மேசையிலிருந்தே அதன் பழைய கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரலைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன். அழிக்கும் கட்டளையைத் தட்டும்போது நடுவில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டது. ஃபோல்டர் மொத்தமும் போயிற்று. அக்காவும்.



ஒரு வழி இருந்தது. இந்த வகை இயந்திரங்களில் 'ப்ராக்' என்றொரு ஃபோல்டர் உண்டு. அதில் தெரியும் கோப்புகள் ஹார்ட் டிஸ்கில் எங்கும் கிடையாது. அளவு பார்த்தால் பூஜ்யம். திறந்து கேட்டால்தான், எல்லாவற்றையும் உள்ளிருந்து ஆளும் கெர்னல் அந்தக் கணமே பதிலை எழுதித் தரும். ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் அங்கே ஓர் எண், ஒரு ஃபோல்டர். நிரல் செத்தால் அதன் ஃபோல்டரும் மறைந்துவிடும். ஆனால் ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கும் கோப்பை யார் அழித்தாலும், பிடி விடும்வரை அதற்குச் சாவில்லை.

குரலை ஓட்டிய பிளேயரின் எண் 4127. உள்ளே பார்த்தேன். அக்காவின் கோப்பு. பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு. ஆனாலும் இருந்தது!

2:14. என் மேசைக் கணினிக்கு நகலெடுக்கத் தொடங்கினேன். இத்தனூண்டு கோப்பு. கண் சிமிட்டுவதற்குள் முடிய வேண்டும். ஊர்ந்தது.

2:15. பின்னறையின் விசிறி இரைச்சல் நின்ற மாதிரி இருந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஏன் இத்தனை தாமதம்? சர்வர் எத்தனை நொடியாக விழித்திருக்கிறது என்று சொல்லும் கோப்பைத் திறந்தேன். ஓர் எண். மறுபடி திறந்தேன். அதே எண். மறுபடி… அதே எண்.

அது மாறாமல் இருக்கவே முடியாது.

ப்ராக்கில் எத்தனை நிரல்கள் என்று எண்ணினேன். 212. மறுபடி எண்ணினேன். 90. மறுபடி… 7.

2:20. ஒன்று.

4127.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிறக்கும் முதல் நிரல்கூட இல்லை. எல்லோரும் கிளம்பிப்போன வீட்டில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதுபோல…

"அக்கா?" என்றேன்.

என் மேசை ஸ்பீக்கரில் 'டிக்' என்றது.

2:22. நகல் முடிந்தது. இணைப்பு அறுந்தது.

பின்னறைக்கு ஓடினேன். சர்வரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. தொட்டேன். ஆறிப்போயிருந்தது.

பின்னாலேயே எலக்ட்ரீஷியன் மூச்சிரைக்க வந்தார்.

"மேடம், மன்னிச்சுக்கோங்க. சுவிட்ச் மாறி இந்த ரூமை ஆஃப் பண்ணிட்டேன்."

"இப்பவா?"

"இல்லைங்க… ரெண்டேகாலுக்கே. ஏணி மேல மாட்டிக்கிட்டேன், உடனே வர முடியல."

அன்று மாலை, மேசைக் கணினியில் நகலைத் திறந்தேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி என்று காட்டியது. பன்னிரண்டு நொடி அதிகம். "சரி, அப்புறம் கூப்பிடறேன்" என்று அவள் முடிப்பதுவரை எனக்கு மனப்பாடம். அதற்குப் பிறகு மௌனம்.

பிறகு, காதோரம் பேசுவதுபோல:

"எடுத்துட்டியாடி? கை வலிக்குது. விட்டுடறேன்."