பாக்கியம் பெரியம்மாவின் பெருவிரல்

போன வாரம் பாச்சாங்கில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கைப்பேசியிடம் நிரூபித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இனி முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டுமாம். நானும் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தேன். முகம் தெளிவாக இல்லை என்றே வந்தது. "கண்ணாடிய கழட்டுங்க லா மா, லைட்டு அடிக்குது," என்றாள் மகள். கழற்றினால் எனக்குப் போனே தெரியவில்லை. சரி, ரேகையாவது வைப்போம் என்று பெருவிரலை அழுத்தினேன். மூட்டு வலிக்குத் தடவியிருந்த தைலம் குப்பென்று மணத்தது. உடனே பாக்கியம் பெரியம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவர் மேல் எப்போதும் இதே வாசம்தான்.

அப்போது நான் ஜாசின் பக்கம் ஓர் உதவித்தொகை அலுவலகத்தில் கவுண்டர் கிராணி, குமாஸ்தா வேலை. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் முறை வந்திருந்தது. இறப்புப் பதிவையும் எங்கள் பட்டியலையும் ஒப்பிட்டு, செத்தவர் பெயருக்குப் போகும் பணத்தைத் தானாகவே நிறுத்திவிடும். அதுவரை செத்துப்போனவர்கள் பலர் மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், அந்தக் கூத்தைத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது. எனக்கு அந்த முறையின் மேல் அப்படி ஒரு பெருமை. ஏதோ நானே உட்கார்ந்து செய்தது போல, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருப்பேன்.

அப்படி நான் அளந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் பெரியம்மா வந்தார். எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தே ஓய்ந்தவர்.

"கிராணியம்மா, ஒதவிக் காசு வரலையே."

"பேரு என்ன பெரியம்மா?"

"சூராட்ல, அதான் பத்திரத்துல, பாக்கியம். வீட்ல எல்லாருக்கும் நான் சின்னவதான்."

பெயரைத் தட்டினேன். இறந்துவிட்டார் என்று வந்தது. திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி பாக்குற?"

அடையாள அட்டையைக் கேட்டேன். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் பார்வதி என்று இருந்தது. படித்துச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அது அக்கா பேரும்மா. அக்கா செத்து தீட்டு இப்பத்தானே கழிஞ்சிச்சி."

நடந்தது இதுதான். அக்காவும் தங்கையும் விதவைகள், எஸ்டேட் வரிசையில் ஒரே லயத்து வீட்டில் இருந்தார்கள். இருவர் அட்டைகளும் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரே பிஸ்கட் டின்னில் கிடக்கும். போட்டோ எடுக்கப் போன அன்று வீட்டிலிருந்த ஒரே நல்ல சேலையை அக்கா கட்டிப் படம் எடுத்துக்கொண்டு, அவிழ்த்துத் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். படத்தில் இரண்டும் ஒரே முகம், ஒரே சேலை. அக்கா இறந்த அன்று, சுங்கை ஊடாங்கில் லோரி ஓட்டும் தம்பி மகன் மணியம் அழுதுகொண்டே ஓடிவந்து, கைக்கு வந்த பாக்கியத்தின் அட்டையை எடுத்துப்போய் இறப்பைப் பதிந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்தது பெரியவ, சின்னவ. சூராட் பெயரை அந்த வீட்டில் யார் சொன்னார்கள்?

பார்வதி என்று தட்டிப் பார்த்தேன். அவருக்குப் பணம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. செத்தவருக்குக் கொடுக்காதே என்று சொல்லிக் கொண்டுவந்த முறை, இருப்பவரை நிறுத்திவிட்டுச் செத்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்துச் சீட்டுக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா கணக்குலதான் காசு விழுதில்ல, அத எடுத்துச் சாப்புட சொல்லு லா. யாருக்குத் தெரியப் போவுது?"

பெரியம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "செத்தவ காச எடுத்துத் தின்னவா? நான் உசுரோடதானே இருக்கேன்," என்றார். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த எண்ணெய்ப் பழம் பொறுக்கி, அந்தக் கூலியில் அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷி அவர்.

உயிரோடு இருப்பதை ரேகை வைத்து நிரூபிக்கலாம் என்றார்கள். கருவியில் பெருவிரலை வைத்தார். ஒன்றும் விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தோம். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஆயுசெல்லாம் உளியும் பாலும் ஆசிட்டும் பட்ட அந்த விரலில் ரேகையே இல்லை, வழவழவென்று இருந்தது.

மேலிடத்துக்கு எழுதினோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பெரியம்மா மாதாமாதம் பஸ் ஏறி வந்து, என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, "இருக்கேன்மா, எழுதிக்கோ," என்பார். நானும் எழுதிக்கொள்வேன்.

பிறகு ஒரு மாதம் அவர் வரவில்லை. மணியம் வந்தான். "சின்னத்தையும் போயிட்டாங்கக்கா. பதிஞ்சிட்டேன்," என்றான். எந்த அட்டையை வைத்து என்று கேட்டேன். "டின்னுல மிச்சம் அந்த ஒன்னுதானே இருந்திச்சி."

அவன் போனதும் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பார்வதி இறந்துவிட்டார், பணம் நிறுத்தப்பட்டது. பாக்கியம் முன்னாலேயே இறந்தவர். எங்கள் புகார் தானாகவே மூடப்பட்டிருந்தது. முரண்பாடு எதுவும் இல்லை என்று வந்தது. அவர் பட்டினி கிடந்த மாதங்கள் அதில் எங்குமே இல்லை. எனக்கு வயிறெரிந்தது, இன்னும் எரிகிறது.

அந்தக் கவுண்டரை எடுத்துவிட்டார்கள், அந்த நாற்காலியும் இல்லை. லயத்து வீடுகள் இருந்த இடம் இப்போது செம்பனை. என் பெருவிரலைக் கைப்பேசி ஒரே அழுத்தில் ஏற்றுக்கொண்டது. "ஆச்சா மா?" என்றாள் மகள். "இருக்கேன்மா, எழுதிக்கோ," என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.