நாலாம் வரியில் ஒரு புள்ளடி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் மாமா ஓர் ஆய்வறிக்கையைத் திருத்தினார். அந்த அறிக்கையை எழுதியவள் நான். இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எழுபதுகளின் நடுவில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் குடியிருந்தார். ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் வேலை. அந்த வருடம் சஞ்சிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து, கண்ணாடியிழையில் செய்த கார் உடல் ஒன்றை வாங்கிவிட்டார். சிவப்பு நிறம், தாழ்ந்த உருவம், கதவுகூடக் கிடையாது. கராஜை அடைத்துக்கொண்டு கிடந்த அதை அம்மா சுற்றிப் பார்த்தார்.

"உதுக்குள்ள ஆரைக் குளிப்பாட்டப் போறாய்?"

உண்மையில் அது வெறும் ஓடுதான். அதற்கு உயிர் கொடுக்க இன்னொரு கார் சாக வேண்டும். பழைய வோக்ஸ்வாகன் வண்டுக் கார் ஒன்றை வாங்கி, மேலுடலைக் கழற்றி எறிந்துவிட்டு, தரைத்தகட்டையும் என்ஜினையும் சக்கரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் இந்தச் சிவப்பு ஓட்டைக் கவிழ்க்க வேண்டும். ஆகவே வாங்கும் காரின் மேலழகால் பயனில்லை, அடிதான் முக்கியம். பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு தின்பதும் அடியைத்தான்.

பெரியவர்கள் நுழைய முடியாத இடங்களில் நான் நுழைவேன் என்பதால் என்னை இன்ஸ்பெக்டராக நியமித்தார் மாமா. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் காலுறைக்குள் போட்டுத் தந்தார். இரும்பிருந்தால் ஒட்டும், இரும்பு உக்கிய இடத்தைப் பசையால் நிரப்பி மறைத்திருந்தால் ஒட்டாது. நான் கொப்பித் தாளில் பட்டியல் போட்டேன். முதலாம் வரி, காரின் எண் பத்திரத்தோடு பொருந்த வேண்டும். இரண்டாவது, என்ஜினைக் கையால் சுற்ற முடிய வேண்டும். மூன்றாவது, கியர் நழுவக் கூடாது. நாலாவது, தரைத்தகடு, குறிப்பாகப் பின் இருக்கைக்கு அடியில், பற்றரி குந்தியிருக்கும் இடம், உக்கியிருக்கக் கூடாது. தேறினால் 'சரி' அடையாளம், தேறாவிட்டால் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி.

"உன்ரை லிஸ்டில ஒரு புள்ளடி விழுந்தாலும் அந்தக் கார் எனக்கு வேண்டாம்," என்றார் மாமா. சத்தியமும் செய்தார்.

முதலாவது கார் நாலாம் வரியில் தோற்றது. மாமா நன்றி சொல்லிவிட்டு நடந்தார். இரண்டாவது, டோர்செட் பார்க்கில் ஓர் இத்தாலியக் கிழவியுடையது. நிறம் மங்கி, கதவு நெளிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஆனால் அடியெல்லாம் கெட்டி. போன இடமெல்லாம் காந்தம் 'டக்'கென்று ஒட்டியது. நான்கு வரிக்கும் சரி போட்டேன். மாமா தலையைச் சொறிந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை இன்னொண்டு பாக்கக் கிடக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வந்தார். முந்திய இரண்டு கார்களுக்கும் வராதவர், இதற்குக் காஞ்சிபுரம் சேலை கட்டிக்கொண்டு வந்தார். மாமா மீசையை வெட்டியிருந்தார். எண்ணெய்த் தரையில் படுக்கப் போகிறவளான என்னையும் வெள்ளைச் சட்டை போடச் சொன்னார்கள். இவ்வளவையும் கவனித்தேன், ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

கார்க்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். கார் பளபளத்தது. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அவர் உள்ளே போனார். ஜன்னல் வழியாக வடை வாசமும் அவருடைய குரலும் வந்தன: "கேசரி எடுங்கோ, தங்கச்சி செய்தது." காரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. நான் தனியே பின் இருக்கையைத் தூக்கினேன். தரைத்தகடு முழுக்கப் புதுத் தார். காந்தத்தை வைத்தேன், விழுந்தது. தள்ளி வைத்தேன், அங்கேயும் விழுந்தது.

"என்ன பிள்ளை பாக்கிறாய்?"

கார்க்காரரின் தங்கை. கையில் எனக்கு ஒரு தட்டுக் கேசரி.

"காந்தம் ஒட்டேல்லை. ஆரோ தாரைப் பூசி மறைச்சிருக்கினம்."

அவள் குனிந்து பார்த்தாள். "ஓம். அண்ணைதான் பூசினவர். போன கிழமை." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "போய் உன்ரை மாமாட்டைச் சொல்லு. நான் சொன்னனான் எண்டும் சொல்லு. என்ன செய்யிறார் எண்டு பாப்பம்."

நாலாம் வரியில் பெரிய புள்ளடி ஒன்று போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். மாமாவின் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார். கதவடியில் வந்து நின்ற அவளைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, என் புள்ளடியின் ஒரு காலை நீட்டி, மற்றக் காலை மையால் மெழுகி, அதைச் 'சரி' ஆக்கினார்.

"நல்ல கார், அண்ணை. எடுக்கிறன்."

விலைகூடப் பேசவில்லை.

இரண்டு கிழமை கழித்து எங்கள் கராஜில் மேலுடலைக் கழற்றினார்கள். தூக்க ஆள் வேண்டுமென்று கார்க்காரரும் தங்கையும் வந்திருந்தனர். நாலு பேர் நாலு மூலையில் பிடித்துத் தூக்கியபோது தரைத்தகட்டில் பாதி மேலுடலோடு சேர்ந்து எழும்பியது. மீதிப் பாதி தார்க்கட்டிகளாகக் கொட்டியது. பற்றரி நேரே கராஜின் சீமெந்துத் தரையில் விழுந்தது.

"உப்பு செய்த வேலை," என்றார் கார்க்காரர், கூரையைப் பார்த்தபடி.

"பழைய கார் எண்டால் உப்பிடித்தானே," என்றார் அம்மா.

"நான் சொன்னனான்! நாலாம் வரி!" என்று கத்தினேன்.

"பெரியாக்கள் கதைக்கேக்கை கத்தக் கூடாது," என்றார் அம்மா. மாமாவோ, கார் கண்முன்னே செத்துக் கிடக்க, கார்க்காரரின் தங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அவளும் சிரித்தாள்.

இப்போது நான் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பதிவில் ஓர் அடையாளத்தை மாற்றினால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாமாவுக்கோ அடுத்த தையில் அவளைக் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஊரில் பெண் பார்ப்பதென்றால் கோயில் வீதியில், தற்செயலாகச் சந்தித்ததுபோலப் பார்ப்பார்கள்; பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் அவமானமில்லை. அன்றைய ரொறன்ரோவில் எங்களுக்குக் கோயில் வீதி ஏது? விற்பனைக்கு ஒரு கார் நின்றது. அண்ணனின் காரை வேண்டாமென்று எழும்பினால், தங்கையை வேண்டாமென்று எழும்பியதாகத்தான் பொருள். நியாயம்தான். ஆனால் இதை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம். வெள்ளைச் சட்டையோடு காருக்குள் தலைகீழாகக் கிடந்தவள் நான்.

சிவப்பு உடல் இரண்டு பனிக்காலம் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. கிழவியின் நல்ல காரை வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தக் கராஜ் நாளின் பின்னேரம் நான் அழுது முடித்துவிட்டு, இனி இப்படி நடக்கக் கூடாதென்று பட்டியலில் ஐந்தாம் வரி சேர்த்தேன்: 'விற்கிறவர் வீட்டில் கேசரி சாப்பிடக் கூடாது.' மாமா விலைபோனது அதற்குத்தான் என்பது என் முடிவு. அங்கிருந்தவர்களில் உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான். ஆகவே தாளை அவளிடம் காட்டினேன். அவள் சிரிக்காமல் ஐந்து வரியையும் வாசித்தாள். "என்ரை கேசரியை மாமா எத்தினை தரம் போட்டுச் சாப்பிட்டவர்?" என்று கேட்டாள்.

"மூண்டு தரம்."

என் பென்சிலை வாங்கி, ஐந்தாம் வரிக்கு நேரே அழுத்தி ஒரு புள்ளடி போட்டாள். கடைசியில் என் பக்கம் ஒருத்தியாவது இருக்கிறாள் என்று நினைத்தேன்.