ஞாயிற்றுக்கிழமை எடுத்த தண்ணீர்

மூன்றாவது முறையாக அந்தக் கட்டுரை திரும்பி வந்த பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மல்லேஸ்வரத்தில் நான் வேதியியல் கற்பித்துவந்த கல்லூரிக்கு வெளிநாட்டு அஞ்சல்தலை ஒட்டிய உறை ஒன்று வந்தால், அது அலுவலகத்திலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் பாதித் துறைக்குச் செய்தி தெரிந்துவிடும். மெல்லிய உறை என்றால் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். தடித்த உறை என்றால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று வந்தது தடித்த உறை. எங்கள் இருபத்திரண்டு பக்கங்களுக்கு மேல் மதிப்பீட்டாளரின் குறிப்பு கால் பக்கத்துக்கு இருந்தது. ஆங்கிலம் அழகாக இருக்கிறது, ஆனால் இவர்கள் எதைக் கண்டறிந்தார்கள் என்பதை இரண்டு முறை படித்தும் என்னால் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தார். முதல் பாதியைப் படித்து எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம் எழுந்ததை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நான் பிரேசர் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கான்வென்ட் படிப்பு, தேவாலயப் பாடகர் குழு, வீட்டிலும் பாதி நேரம் ஆங்கிலம். நீளமான, வளைந்து செல்லும் வாக்கியம்தான் அறிவின் அடையாளம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் மாணவி அப்படிப்பட்டவள் இல்லை. அவள் அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் குரோமிய முலாம் பூசும் பட்டறை ஒன்றில் தொழிலாளி. தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, கன்னடப் பள்ளிக்கு மாறி, கல்லூரியில்தான் ஆங்கிலத்தில் படிக்க ஆரம்பித்தவள். அவளுடைய ஆய்வு, அந்தத் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்பின் கிணற்று நீரில் குரோமியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது. பாட்டில்களைச் சுமந்துகொண்டு இரண்டு பேருந்து மாறி வருவாள். அளப்பதெல்லாம் அவள்; எழுதுவதெல்லாம் நான். அந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை.

உறை வந்த அன்று அவள் குறிப்பைப் படித்துவிட்டு அதை என் மேசைமேல் திருப்பி வைத்தாள். பிறகு, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் புரியல" என்றாள்.

"எது?"

"நம்ம பேப்பர்தான் மேடம். நேத்து எங்கப்பா கேட்டாரு, மூணு வருஷமா என்னதான் எழுதுறீங்கன்னு. தமிழ்ல சொல்லலாம்னு உட்கார்ந்தேன். பாதிக்கு மேல சொல்ல வரல."

எனக்குக் கோபம் வந்தது. அது உன் மொழிக் குறை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். எந்த இடத்தில் நின்றுபோனாய் என்று மட்டும் கேட்டேன். பதினேழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஐந்து வரி நீளமுள்ள ஒரே வாக்கியம். பல்வேறு சுற்றுச்சூழல் காரணிகளின் கூட்டு விளைவு என்று அது முடிந்தது. அதற்கு அடியில் என்ன இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கிணற்றில் குரோமியம் இருந்தது. கிணற்றை ஒட்டி ஓடும் சாக்கடையில் ஏறக்குறைய இல்லை. வேறு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதக் கூசி, அதன்மேல் நான் ஐந்து வரியைப் போர்த்தியிருந்தேன்.

"இந்த வாரம் எழுத வேண்டாம். வீட்டில் அப்பாவுக்கு முழுசா தமிழ்ல சொல்லிப் பார். எங்கெல்லாம் நிக்குதோ அங்கெல்லாம் பென்சில்ல கோடு போட்டுக்கிட்டு வா" என்றேன். பாதி சலிப்பில் சொன்ன சொல் அது. அவள் அப்படியே செய்தாள். மறுநாள் காலை ஆய்வகத்தை நான் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தாள்.

சாக்கடையில் இல்லை, கிணற்றில் இருக்கிறது என்று அவள் சொன்னதும் அவள் அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, எந்தக் கிழமையில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டாராம். புதனும் வியாழனும் என்றாளாம். அவர் சிரித்துவிட்டாராம். "வாரம் பூரா எங்க பட்டறைத் தொட்டியில அதே தண்ணிதான்டா நிக்கும். சனிக்கெழம வேலை முடிஞ்சதும்தான் தொறந்து விடுவாங்க. ஞாயித்துக்கெழம காலையில போய்ப் பாரு" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நினைவு தெரிந்து முதல்முறையாக உடம்பு நன்றாக இருந்தும் நான் தேவாலயத்துக்குப் போகவில்லை. பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன. சாக்கடை இளமஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பாட்டில்களில் பிடித்து ஆய்வகத்துக்கு வந்து, அமிலமும் குரோமியம் இருந்தால் நிறம் காட்டும் வினைப்பொருளும் சேர்த்தோம். வாரநாள் தண்ணீரில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும் நிறம், அந்தச் சோதனைக் குழாய்களில் கத்தரிப்பூ ஊதாவாக எழுந்தது. அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி, "இப்ப சொல்ல வரும் மேடம்" என்றாள்.

அதன்பின் தொடர்ந்து பல ஞாயிறுகள் போனோம். எழுதும் வேலையும் தலைகீழாயிற்று. அவள் முதலில் தமிழில் ஒரு நோட்டில் எழுதுவாள். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அதை வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவோம். தமிழில் நேராகச் சொல்ல முடியாத வாக்கியம் எதுவும் கட்டுரைக்குள் போகக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம். எனக்குப் பிரியமான பல சொற்கள் அந்தச் சட்டத்தில் அடிபட்டுப் போயின. ஒரு பத்திக்காக நான் அரை மணி நேரம் வாதாடினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது அழகா இருக்கு மேடம். ஆனா இத எடுத்துட்டா எந்த உண்மையும் குறையல" என்றாள். எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு பக்கம் ஒன்பதாயிற்று. முதல் பக்கத்திலேயே, வாரநாளில் மட்டும் சோதித்தால் இந்தச் சாக்கடை சுத்தமானது என்ற தவறான முடிவுக்கு வருவோம், நாங்களும் வந்தோம் என்று எழுதினோம். நாங்களும் வந்தோம் என்ற இரண்டு சொற்களை வைக்க எனக்கு இரண்டு நாள் தேவைப்பட்டது.

அனுப்புவதற்கு முந்தின வாரம் அவள் முகம் வாடி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பகுதியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். எனக்கு உடனே புரிந்தது. பட்டறையின் பெயரை நாங்கள் எழுதவில்லைதான். ஆனால் அந்த இடத்தில் தொட்டியை எப்போது திறப்பார்கள் என்பது உள்ளே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர் ஒருவர்தான். அவள் பட்டம் என் கையில் இருந்தது. அவள் வீட்டு அடுப்பு அந்தப் பட்டறையின் கையில் இருந்தது. முடிவு செய்யும் உரிமை எனக்கில்லை என்று மட்டும் தோன்றியது. அன்று மாலை அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன்.

ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக இருந்த வீடு. அவள் அப்பா எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார். விரல்களின் ஓரத்தில் ஆறாத புண்கள் இருந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "என் பேரு அதுல இருக்குதா மேடம்?" என்றார். இல்லை என்றேன்.

"அப்ப என் பேரு வேணாம். ஞாயித்துக்கெழம இருக்கட்டும்."

மகள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் சொன்னதாலதான உனக்கு வெளங்கிச்சு? இப்ப அத எடுத்துட்டா, நான் சொன்னது பொய்யா? வேல போனா வேற வேல பார்ப்பேன். கைவேல தெரிஞ்சவனுக்கு இந்த ஊர்ல எங்கயும் வேல கெடைக்கும்."

கட்டுரை போயிற்று. சில மாதங்கள் கழித்து மெல்லிய உறை வந்தது. வழக்கப்படி வழிகாட்டியின் பெயர்தான் முதலில் வரவேண்டும். அவளும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். அனுப்பும் முன்பே நான் அதை மாற்றி அவள் பெயரை முதலில் போட்டிருந்தேன் என்பது அச்சுப் பிரதி வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இப்படிச் செய்தால் நாளைக்கு எல்லா மாணவர்களும் கேட்பார்கள் என்றார். இதைப் போல எழுதிக்கொண்டு வந்தால் கொடுத்துவிடலாம் சார் என்றேன்.

வெளிநாட்டில் அதை யார் படித்தார்களோ, எனக்குத் தெரியாது. இங்கே ஒரு கன்னட நாளிதழின் நிருபர் படித்தார். முதல் பக்கம் புரிந்ததால் மிச்சத்தையும் படித்தேன் என்று என்னிடமே சொன்னார். அவர் எழுதிய செய்திக்குப் பிறகு அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். கிணற்றை மூடினார்கள். அந்தத் தெருவுக்கு முதலில் லாரித் தண்ணீரும், பின்னால் குழாயும் வந்தன. பட்டறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி கட்டினார்கள். அவள் அப்பாவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அந்த இரண்டு மாதமும் என்னால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. பிறகு வேறொரு பட்டறையில் சேர்ந்துவிட்டார்.

இன்று நான் ஓய்வு பெற்று பிரேசர் டவுன் வீட்டில் இருக்கிறேன். அவள் வேறு ஊரில் பேராசிரியை. ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவிலும் இருக்கிறாள். கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும்போது, எதைக் கண்டீர்கள் என்பதை உங்கள் வீட்டு மொழியில் ஒருவருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டு மீண்டும் அனுப்புங்கள் என்று எழுதுவதாகச் சொன்னாள். சொற்களை மாற்றினால் கட்டுரை சீராகிவிடும் என்று நான் நினைத்திருந்த காலம் உண்டு. சொல் தடுமாறும் இடத்தில்தான் ஆய்வும் தடுமாறிக்கொண்டிருக்கும் என்பதை என் முதல் மாணவியிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவளுடைய வாய்மொழித் தேர்வு நாளை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். அவள் சின்னச் சின்ன வாக்கியங்களில் பதில் சொன்னாள். முடிவில், வழக்கப்படி, அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார் அவர். யாரும் கேட்பதில்லை. அன்று கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்த அவள் அப்பா எழுந்து நின்றார்.

"தமிழ்ல கேக்கலாங்களா?"

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"அந்தக் கெணத்துத் தண்ணிய மறுபடி எப்பம்மா குடிக்கலாம்?"

மண்டபம் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"இப்ப குடிக்கக் கூடாதுப்பா. எத்தன வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியல. தெரியலன்னுதான் தீசிஸ்லயும் எழுதியிருக்கேன்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். என் பக்கத்தில் இருந்த தேர்வாளர் அவர் என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று மெதுவாக விசாரித்தார். ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த இடத்திலும் தடுமாறவில்லை.