தண்ணீரை மறந்த மூட்டை

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று ஏற்காட்டு மலையில் எங்கள் நாகலூர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பட்டியல் வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் ஒரு சொல்லும் தப்பாது. போன் சார்ஜ் ஏற்றும் பெட்டி, நெற்றியில் மாட்டும் விளக்கு, காலுக்கு ஒட்டும் பிளாஸ்திரி, மடித்தால் கைக்குட்டை அளவுக்கு ஆகிவிடும் மழைக்கோட்டு. படித்து முடித்தபோது, யாரும் கொண்டுவராமலே என் மூக்கில் நனைந்த கம்பளி வாசனை அடித்தது.

எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பார்கள். சாம்பல் நிறம், முள் மாதிரி குத்தும். ஒரு மழை நனைந்தால் ஆட்டுக்கிடையும் அடுப்புப் புகையும் சேர்ந்த வாசனை ஏறிவிடும், பிறகு போகாது. போர்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருக்கும். எனக்கு அது வசதி. யாரிடமும் பேச வேண்டியதில்லை. நான் எப்படிப்பட்ட கூச்சக்காரன் என்றால், என் ஸ்டாப் வந்தாலும் நிறுத்தச் சொல்ல வாய் வராமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன். இப்போதும் அப்படித்தான்.

நான் பழனிக்கு நடந்து போன வருஷம் எனக்கு இருபத்திரண்டு வயசு. பதினோரு பேர் பழனிக்குக் கிளம்பினார்கள். முன்னால் நடத்திப் போகிறவர் எஸ்டேட் மேஸ்திரி. என் அக்கா சரசுவும் மாலை போட்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த சூட்டிலேயே பறிகொடுத்தவள் அவள். மூன்றாவது தங்கி ஒரு வயசு தாண்டினால் செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். பெண் குழந்தை. தங்கிவிட்டது. ஆனால் கார்த்திகையில் காபி பறிக்கும்போது அக்காவின் வலது பாதத்தில் ஒரு கட்டை ஏறி, புண் அப்போதுதான் மூடியிருந்தது. நடுவழியில் பஸ் ஏறுகிறவருக்கு அந்த நடை கணக்கில் சேராது, அடுத்த வருஷம் முதலிலிருந்து நடக்க வேண்டும் என்பது மேஸ்திரியின் சட்டம். அடுத்த வருஷம்வரை சாமியைக் காக்கவைத்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்பதுதான் அக்காவின் பயம். அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

மேஸ்திரிக்கு அவளைக் கூட்டிப்போக மனசில்லை. எங்கள் வாசலில் வந்து நின்று தயங்கினார். அப்போது என் வாயிலிருந்து, "நான் பாத்துக்கறேனுங்க" என்று வந்துவிட்டது. அவரிடம் நான் முழுசாகப் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது மூட்டை கட்டுவது. பத்து நாள் கட்டினேன். ஒரு புதுக் காபிச் சாக்கில் அரிசி, ராகி மாவு, மஞ்சள், விளக்கெண்ணெய், கிழித்த பழஞ்சேலை, தார்ப்பாய், அரிவாள், மூன்று பேட்டரிக் கட்டை போடும் டார்ச், என் கம்பளி, குழந்தையோடு வீட்டில் தங்கப்போகிற மாமாவிடம் கேட்டு வாங்கிய இன்னொரு கம்பளி. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடை பாய், நான் கேட்காமலே ஊசியும் நூலும் எடுத்து வைத்தார். கேட்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். இதோடு உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய ஒரு முடிச்சு. அட்டைப்பூச்சி கடித்தால் வைக்க. தை மாதத்தில் எங்கள் மலையிலேயே அட்டை இருக்காது. தார் ரோட்டில் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேஸ்திரி சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "ஏஞ்சாமி, பழனிக்குப் போறமா, குடி மாறிப் போறமா?" என்றார். பதினோரு பேரும் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அவ்வளவு கட்டியவன் தண்ணீருக்கு ஒரு பாட்டில்கூட வைக்கவில்லை. நான் மட்டுமில்லை, அந்தப் பதினோரு பேரில் ஒருவரும் வைக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினால் ஒரு ஊற்று. கையைக் குவித்தால் போதும். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வழக்கமே மலையில் இல்லை.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில், மகுடஞ்சாவடி தாண்டி சங்ககிரி ரோட்டில், அக்கா ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். புண் வாய் திறந்திருந்தது. மற்ற பாதமும் தாரில் வெந்து கொப்பளம் போட்டிருந்தது. அதைவிட, உதடு வெடித்து அவளுக்குப் பேச்சே எழும்பவில்லை. மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

"பஸ் ஏத்தி உட்டுருவோம் சரசு. சாமி தப்பா எடுத்துக்காது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். எதிர்ச்சாரியில், கிளுவை வேலிக்கு உள்ளே ஒரு ஓட்டு வீடு. போய் வேலியோரம் நின்றேன். கூப்பிட வரவில்லை. அந்த வீட்டு நாய்தான் எனக்காகக் கூப்பிட்டது.

ஒரு அம்மா வெளியே வந்தார். "ஏனுங்க, வேலிகிட்ட நின்னு என்னத்தப் பாக்கறீங்க?"

"தண்ணிங்க. எங்க அக்காவுக்குங்க. நடக்க முடியலீங்க. பழனிக்குங்க."

"எந்த ஊரு?"

"ஏற்காட்டு மலைங்க."

"மலையில இருந்து வாறீங்க, ஒரு சொம்புத் தண்ணி எடுக்கத் தெரியலியா?" என்று உள்ளே போனவர், நிறைகுடத்தைத் தூக்கி வந்து என் தோளில் வைத்தார். "எல்லாருக்கும் குடுங்க. கொடத்த மட்டும் கொண்டாந்துருங்க. எங்கூட்ல அது ஒண்ணுதான் ஒழுகாதது."

அக்கா குடித்தாள். மிச்சத்தில் பாதங்களைக் கழுவி, விளக்கெண்ணெயும் மஞ்சளும் வைத்தேன். பழஞ்சேலைக் கிழிசல் அந்தத் தாருக்கு நிற்காது. என் கம்பளியை எடுத்து அரிவாளால் கிழித்தேன். செருப்பில்லாமல் வருகிறேன் என்று வேண்டியவளுக்கு இதைக் கட்டலாமா என்று மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கீழே உட்கார்ந்து, அக்காவின் குதிகாலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இறுக்கிக் கட்டு சாமி. கம்பளி கூடாதுன்னு எந்த முருகன் சொல்லுச்சு?"

அக்கா மேலும் நாலு நாள் நடந்தாள். காலில் கட்டிய கம்பளியை அடிவாரத்தில் அவிழ்த்துப் போட்டு, வெறுங்காலோடு படி ஏறினாள். மாமாவின் கம்பளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பனிக்காலம் முழுக்க நான் சாக்கைப் போர்த்திப் படுத்தேன். அக்கா மகள் இப்போது சேலத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

குடத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மாவின் பேரைக் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்? பல வருஷம் அதுவே உறுத்தியது. ஒருநாள் போய்க் கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஈரோடு பஸ்ஸில் போனேன். மகுடஞ்சாவடி தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். வேலி இல்லை. ஓட்டு வீடு இல்லை. புளியமரம் ஒன்றுகூட இல்லை. அந்த வீடு எந்த இடத்தில் இருந்தது என்று குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல முடியாதபடி ரோடு இரண்டு பக்கமும் பரந்து கிடந்தது. நடுவில் வரிசையாக அரளிச்செடி. ஒரு டேங்கர் லாரி மெதுவாக ஊர்ந்தபடி அவற்றுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.