வலது கையில் ஒரு துளை

இதைக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் என் வலது கையை வந்து பார்க்கலாம். உள்ளங்கையின் நடுவில் ஒரு சின்னத் துளைத் தழும்பு இருக்கிறது. நடந்தது 2025 ஜனவரி 25, சனிக்கிழமை. மாலை நான்கரைக்கும் ஐந்துக்கும் இடையில். நான் குடித்திருக்கவில்லை. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இருந்ததும் இல்லை.

நானும் என் மனைவியின் தம்பி பிருந்தனும் ஜெர்மனியின் தெற்கில் பழைய கட்டடங்களைக் காலி செய்து கொடுக்கும் வேலை செய்கிறோம். அன்று போனது, அமெரிக்க இராணுவம் விட்டுப்போன ஒரு முகாமுக்கு. சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக 1950களில் கட்டிய உயர்நிலைப் பள்ளி ஒன்று அதற்குள் இருந்தது. மூடிப் பல வருடம். மின்சாரம், எரிவாயு எல்லாம் எப்போதோ துண்டித்துவிட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் இப்போது வீடு கட்டி விற்கிறார்கள்.

என் ஜக்கெட் பையில் ஒரு படிவம் இருந்தது. என் மகள் வேணுஜாவுடையது. ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். அடுத்த வருடத்துக்கான விருப்பப் பாடமாக அவள் 'டெக்னிக்' என்பதில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டிருந்தாள். மரம் அறுப்பது, இயந்திரம் வரைவது, அதுதான் பாடம். நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வெட்டிவிட்டு 'லத்தீன்' என்பதில் புள்ளடி போட்டேன். லத்தீன் படித்தால்தான் டொக்டராகலாம் என்று இங்கே நம் ஆட்கள் பிறந்தநாள் விழாக்களில் பேசுவார்கள். நானும் நம்பினேன். அது பிழை என்று பிறகுதான் தெரிந்தது. இனி என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வீட்டில் வைத்துப் போட்டால் அவள் கண்டுவிடுவாள்.

4.31. இரண்டாம் மாடியில் தனியாக நின்றேன். பிருந்தன் கீழே எங்கள் வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். அலுவலக அறையில் ஓர் இரும்பு அலுமாரி. அதற்குள் கட்டுக் கட்டாக மாணவர் அட்டைகள். கைவிளக்கைப் பிடித்து வாசித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சுருக்கெழுத்து, தட்டச்சு, தச்சு வேலை, வாத்தியக் குழு... கார் ஓட்டுவதற்குக்கூட மார்க் போட்டிருந்தார்கள்! நம் வீட்டுப் பிள்ளை ஒன்று, "அப்பா, கார் ஓடுறதில நான்தான் முதலாம் ஆள்" என்று வந்து நின்றால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பிறகு அந்த அட்டை வந்தது.

பெயர் லோயிஸ். வருடம் 1957. 'இயந்திர வரைதல்' என்று ஒரு பிள்ளையின் உருண்டைக் கையெழுத்து. அதன்மேல் மையால் ஒரு கோடு. பக்கத்தில் வேறொருவர் 'மனையியல்' என்று எழுதியிருந்தார். அதாவது சமையல், தையல். கீழே தகப்பனின் ஒப்பம்.

"நல்ல தகப்பன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு மெஷின்?"

பெருவிரலில் ஈரம் பட்டது. விளக்கில் பார்த்தேன்.

மை. அறுபத்தெட்டு வருட மை... இன்னும் காயவில்லை.

4.38. பக்கத்து அறையில் ஒரு சத்தம். டக்... டக்... டக்... டிங். தட்டச்சு இயந்திரம். அந்த அறையைக் காலையில் நானே காலி செய்திருந்தேன். அங்கே ஒரு மேசை கதிரைகூட இல்லை.

கைபேசி அடித்தது. பிருந்தன்.

"அத்தான், கெதியா இறங்கி வாங்கோ. இருட்டுது."

"வாறன். நீ மேல வந்து ஏதும் தட்டினனியா?"

"இல்லையே. நான் வானடியில நிக்கிறன்." மேலே என் யன்னலை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். "அத்தான்... உங்களோட ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

"உங்களுக்குப் பின்னால ஒரு பிள்ளை நிக்குது..."

தொடர்பு அறுந்தது.

திரும்பினேன். யாரும் இல்லை. எரிவாயு மணம் மட்டும் மூக்கில் ஏறியது.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். அது என் பிறவிக் குணம். பிருந்தன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். நான் பயந்தவன் இல்லை என்று காட்ட வேண்டும் போலிருந்தது. எதிரே ஓர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சரிவான வரைமேசைகள். ஒன்றில் படிவத்தை விரித்து, இடது கையால் விளக்கைப் பிடித்து, பேனாவை எடுத்தேன்.

4.44.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக.

என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். சூடான மூச்சு. அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி.

ஆனாலும் எழுதினேன். என் பெயரின் முதல் எழுத்து...

இரண்டாவது எழுத்து...

சதக்!

கவராயம். வட்டம் வரைகிற, ஒரு சாண் நீளப் பித்தளைக் கவராயம். புறங்கையில் ஏறி, உள்ளங்கையைத் துளைத்து, என் கையைப் படிவத்தோடும் மேசையோடும் சேர்த்துக் குத்தி நின்றது.

கத்தினேன். சத்தம் வரவில்லை.

கவராயம் திருகியது.

கையைப் பிய்த்தேன்.

ஓடினேன்.

கீழே பிருந்தன் ஓடி வந்தான். துணியால் கையைக் கட்டி, வானை எடுத்தான். பாதி வழியில்தான் கவனித்தேன். படிவம் என் ஜக்கெட் பைக்குள் மடித்தபடி இருந்தது. நான் அதை எடுத்து வரவில்லை. அதில் துளையும் இல்லை, இரத்தமும் இல்லை. லத்தீனுக்கு நான் போட்ட புள்ளடி கீறிக் கிழிக்கப்பட்டிருந்தது. டெக்னிக்கில் புதுப் புள்ளடி. மை ஈரம்.

திங்கட்கிழமை இடது கையால் ஒப்பமிட்டு, அப்படியே கொடுத்தேன். வேணுஜா என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் நான் எதுவுமே சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பள்ளியின் பழைய காவலரைத் தேடிப் போனேன். எண்பது வயது. அவருடைய தகப்பனும் அங்கேதான் வேலை செய்தாராம். லோயிஸ் என்றதும் கதவைச் சாத்தப் பார்த்தார். என் கையை விரித்துக் காட்டினேன். உள்ளே விட்டார்.

லோயிஸ் இயந்திரம் வரைய ஆசைப்பட்டவள். அதிகாரியான தகப்பன் அவளைச் சமையல் வகுப்புக்கு மாற்றினார். அங்கே எரிவாயு அடுப்பு வெடித்து அவள் இறந்தாள். அடுத்த வாரம் பள்ளிக்கு வந்த தகப்பன் வலது கையில் ஒரு துளையோடு திரும்பிப் போனார். எப்படி என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் போனது. இளைய மகளும் அதே பாடத்தைக் கேட்டாள். அவளுக்கும் மனையியல் என்று எழுதி, அந்த மனிதர் ஒப்பமிட்டார். அன்று மாலை அவரை வரைமேசையில் கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை.

"கையில்?" என்று கேட்டேன்.

காவலர் இரண்டு விரலைக் காட்டினார்.

அது முடிந்த கதை என்று நினைத்தேன். இந்த வருடம் வேணுஜாவுக்கு அடுத்த படிவம் வந்தது, கடைசி இரண்டு வருடத்துக்கான முதன்மைப் பாடங்களுக்கு. அவள் பௌதிகம் என்கிறாள். உயிரியல் என்று நானே மாற்றிவிடலாம் என மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். பழைய கொழுப்பு, வேறென்ன. பேனாவைக்கூடத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று அவளுடைய டெக்னிக் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு வரைபடத்தைக் காட்டினார். மில்லிமீற்றரில் வரையச் சொன்னால், இவள் அமெரிக்கர்களைப் போல அங்குலத்தில் வரைந்திருக்கிறாள். அங்குலத்தில் வரைய யார் பழக்கினார்கள் என்று கேட்டார். வேணுஜாவுக்கு வரைந்த நினைவே இல்லையாம்.

ஓர் ஆணின் வலது கை. மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து. என் மோதிரம்கூட இருந்தது.

என் கையில் ஒரு துளைதான் இருக்கிறது.

படத்தில் இரண்டு.